ஏழாம் இலக்க அறை

கீழே ஒரு அறை இருக்கு, அதை எடுங்கோ
என்றார் தவயோகன்,
நான் நடந்து வந்த விதத்தைப் பார்த்துவிட்டு.
மேலே எவ்வளவு?
அதே ஆயிரத்து எண்ணூறுதான், ஆனால் படி இருக்கே.
ஏறத்தான் அண்ணை வந்தனான்
என்று திறப்பை வாங்கினேன்.

நெடுங்கேணி மழையில் நனைந்து
உப்பியிருந்தது பதிவுப் புத்தகம்.
பெயர்: ம. சுகிர்தமலர்.
ஊர்: தருமபுரம்.
தொழில்: தையல்.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
மலை என்று எழுதினேன்.
அவர் கண்ணாடியை இறக்கி வாசித்தார்.
"சாமி கும்பிட என்று போடுங்கோ தங்கச்சி,
இல்லாட்டிச் சுற்றுலா.
பின்னேரம் ஒருத்தர் வந்து புத்தகம் பார்ப்பார்.
மலை என்றால்
எந்த மலை, ஏன் மலை என்று கேட்பார்."
ஒரு கோடு இழுத்து வெட்டிவிட்டு
சுற்றுலா என்று இடுக்கி எழுதினேன்.
கோட்டுக்கு அடியில்
மலை இன்னும் வடிவாகத் தெரிந்தது.

பத்தொன்பது படி.
பதினோராவதில் சீமெந்து உடைந்திருக்கு.
விடிய இருட்டில் இறங்கும்போது
நினைவிருக்க வேணும்.

பக்கத்து அறை வாசலில்
தார் அப்பிய சப்பாத்து இரண்டு சோடி.
வீதி போட வந்தவர்கள்.
உள்ளே ஒருவர் சிங்களத்தில் போன் கதைக்கிறார்.
சொல் விளங்கவில்லை,
கடன் கதை என்று மட்டும் விளங்கியது.

யன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்றான்
கொத்துப் பார்சல் கொண்டுவந்த நிறோயன்.
தெரிந்தது தண்ணீர்த்தாங்கி.
"அதுக்கு வலப்பக்கம் அக்கா, கொஞ்சம் கட்டையா."
காட்டுக்கு மேலே
கவிழ்த்து வைத்த சாப்பாட்டுக் கோப்பை மாதிரி
ஒரு நீலத் திட்டு.
இதுக்கா ஒரு நாள் லீவும் சம்பள வெட்டும்
என்று எனக்கே சிரிப்பு வந்தது.

பள்ளிக்கூட பஸ்சில் ஐந்து வருடம்
அதைத் தாண்டித்தான் போய்வந்தேன்.
இரண்டு காலும் இருந்தது.
ஒருநாள் ஏறுவம் என்பாள் யாழரசி.
மலை எங்கே ஓடப்போகுது என்பேன்.

ஓடினது நாங்கள்.

இரவு காலைக் கழற்றிச் சுவரில் சாத்தினேன்.
உள்உறையை அலசி
விசிறிக்குக் கீழே காயப்போட்டேன்.
விசிறி மூன்றில் மட்டும்தான் சுற்றும்.
பொய்க்கால் என்கிறார்கள்.
அது பாட்டுக்குப் பேசாமல் நிற்குது.
நோகுது நோகுது என்று
பொய் சொல்வதெல்லாம்
இல்லாத பெருவிரல்.

நுளம்புச்சுருள் தர வந்தவனிடம்
காலை ஐந்துக்கு எழுப்பு என்றேன்.
நிறோயன் சுவரைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
திரும்பவும் சுவரைப் பார்த்தான்.
"டேய், என்னை எழுப்பு.
அதை நான் எழுப்புறன்."
படி முழுக்கச் சிரித்துக்கொண்டு இறங்கினான்.

இரண்டு மணி இருக்கும். வெடி.
அடுத்ததும் வெடி.
நான் எப்போது கட்டிலுக்குக் கீழே போனேன்,
எப்படி அந்தக் காலை
நெஞ்சோடு கட்டிப்பிடித்தேன்,
தெரியாது.
கதவில் மெல்லத் தட்டினது.
"யானை, மிஸ். யானை.
வயல்காரர் போடுறது."
தார்ச் சப்பாத்துக்காரர்.
தெரிந்த தமிழ் அவ்வளவும் அதுதான் போல,
இன்னொரு தரம் யானை என்று சொல்லிவிட்டுப்
போய்ப் படுத்தார்.
தரை குளிராக இருந்தது.
அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன்.

ஐந்துக்குக் கரண்ட் இல்லை.
ஈரம் காயாத உறையை இழுத்து மாட்டி
சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி
பதினொன்று என்று எண்ணி
பன்னிரண்டாவதில் தடுக்குப்பட்டேன்.
ஏறும்போது எண்ணினதை
இறங்கும்போது திருப்பிப் போட மறந்த மொக்கு.

மேசையில் பிளேன்ரீப் போத்தல்,
அதன்கீழ் விரித்தபடி புத்தகம்.
போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
வெட்டின சொல்லைச் சுற்றி
சிவப்புப் பேனையால் ஒரு வட்டம்.
அவருக்கும் வடிவாகத் தெரிந்திருக்கு.

வெளியே ஓட்டோ உறுமிக்கொண்டு நின்றது.
"ஏறுங்கோ அக்கா" என்றார்.
கம்பியைப் பிடித்தேன்.
முதலில் என்னுடைய கால்,
பிறகு மற்றதும் என்னுடையது.